ஐந்நூறு என்னும் கோடு

நாரின் தாண்டித் தார்ச்சாலை தீர்ந்து
ஆற்றுக் கற்கள் தொடங்கும் இடத்தில்
வண்டியை நிறுத்திச் சக்கரத்தை உதைத்துப் பார்த்தான்
ஓட்டுநர் தலாய்.
என் மடியில் பதினெட்டுப் பக்கப் படிவம்.
முதல் கேள்வி:
இந்த ஆய்வால் விளைந்த பயன் என்ன?
எண்ணால் எழுதுக.

ஆய்வு எனக்கு மனப்பாடம்.
பிள்ளை பெற்றவளின் கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு,
விரிப்பின் முனையில் பை,
பையின் மேல் கோடுகள்.
ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடாதே.
ஐந்நூறைத் தொட்டதும் ஓடு.
இவ்வளவுதான்.
இதைச் சொல்ல ஒன்பது ஆண்டுகள், நான்கு நாடுகள்,
ஒரு விவாகரத்து என்றும் கேள்வி.
பிறகு முந்நூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள்:
ஒரு கட்டுரை இன்னொரு கட்டுரையைப் பார்த்துத்
தலையசைத்துவிட்டுப் போவது.
அவற்றை பிஷ்கெக்கில் உட்கார்ந்தபடியே எண்ணிவிட்டேன்.
மத்தியானத்துக்குள் முடிந்தது.

கோக்-சாய் பிரசவ விடுதியில் ஒரே அறை.
மருத்துவச்சி புருல்சா தேநீர் ஊற்றினாள்.
விரிப்பைக் காட்டுங்கள் என்றேன்.
தீர்ந்து இரண்டு வருஷம் ஆயிற்றே என்றாள்,
திட்டம் முடிந்தது, பெட்டி வருவதும் நின்றது.
இதற்குப் படிவத்தில் கட்டம் உண்டு.
'பயன்பாடு தொடரவில்லை.'
பேனாவைத் திறந்தேன்.

பொறு, என்று உள்ளே போனவள்
மாவு மூட்டையின் உள்ளுறையோடு வந்தாள்.
வெட்டி, மருந்து நீரில் அலசி,
இஸ்திரிப் பெட்டியால் முனையை ஒட்டிப்
பையாக்கியிருந்தாள்.
அதில் நீல மையில்
ஒரே ஒரு கோடு.

கிமிஸ் வாங்கிய அரை லிட்டர் புட்டியால் அளந்தேன்.
நூறு, இருநூறு எல்லாம் எனக்கு எதற்கு?
எங்கே பயப்பட வேண்டுமோ
அந்த இடம் தெரிந்தால் போதாதா?
கழுவினால்தான் அழிந்துவிடுகிறது,
ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுகிறேன்.

இதற்குக் கட்டம் இல்லை.
கிட்டத்தில் இருந்த கட்டம்
'நெறிமுறையிலிருந்து விலகல்.'

பதிவேட்டைப் புரட்டினேன்.
மார்ச், ஜிபார்குல், முப்பத்தொரு வயது, மூன்றாம் பிரசவம்.
இரவு இரண்டு பத்து: கோட்டைத் தாண்டியது.
ஊசி. சொட்டு நீர். வயிற்றைப் பிசைந்தது.
கணவாயில் பனி, ஆம்புலன்ஸ் வரவில்லை.
மூன்று நாற்பது: நின்றது.
இறப்பு என்ற பத்தியில்
எழுத எதுவும் இல்லாததால் ஒரு சிறு கோடு.

இந்தக் கோட்டை எப்படிக் கூட்டுவது?
நடந்ததை எண்ணலாம்.
நடக்காமல் போனதற்கு
முகவரியும் இல்லை, கையெழுத்தும் இல்லை.
அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஆய்வின் பங்கு எத்தனை விழுக்காடு?
புருல்சாவின் உள்ளங்கைக்கு எத்தனை?
மாவு ஆலைக்கும் ஏதாவது கொடுக்க வேண்டுமல்லவா?

திரும்பும் வழியில் சந்தையில் ஜிபார்குலைப் பார்த்தேன்.
உருளைக்கிழங்குக் குவியலுக்குப் பின்னால்
யாருடனோ விலைச் சண்டை.
அந்த இரவு நினைவிருக்கிறதா என்றேன்.
குளிர் நினைவிருக்கிறது.
கம்பளி கேட்டேன், அந்தப் பொம்பளை காதிலேயே வாங்கவில்லை,
குனிந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஆய்வைப் பற்றித் தெரியுமா?
என்ன ஆய்வு?
கிலோ நாற்பது சோம். எடுத்தால் எடு,
இல்லாவிட்டால் வெளிச்சத்தை மறைக்காதே.

தலாய் மூன்று கிலோ வாங்கினான்.

இரவு விடுதி அறையில் படிவத்தை நிரப்பினேன்.
எண்ணுக்கான கட்டத்தில் ஓர் எண்ணை எழுதினேன்,
அது இல்லாமல் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.
பதினேழாம் பக்கத்தில் 'பிற குறிப்புகள்',
இரண்டு வரிக்கு இடம்.
விரிப்புகள் அனுப்புங்கள்.
முடியாதென்றால்
தண்ணீரில் அழியாத பேனா ஒன்று.