பதினாறு மில்லிமீட்டர்

இரவுப் பணி முடிந்து
ஏழரைக்கு வந்து படுத்தால்
ஏழே முக்காலுக்கு ஒரு விமானம்
என் தலையணை மேல் இறங்கும்.
முஹர்ரக்கில் இந்த வாடகைக்கு
வேறென்ன கிடைக்கும்.
அது ஓடுபாதையைத் தொட்ட பிறகும்
சட்டத்துக்குள் பல்லாடிக்கொண்டிருக்கும் கண்ணாடி,
போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்காத நோயாளியாக.

வெயிலுக்கு அலுமினியத் தாள் ஒட்டியிருந்தேன்,
பிரியாணி பொட்டலம் கட்டுகிற அதே தாள்.
உள்ளே நான்
ஆறிவிடாமல் பொதிந்து வைத்த சாப்பாடு.

ஜூலை மின்கட்டணம் எழுபத்தொரு தினார்.
ரசீதை அபு ஈஸாவின் மேசையில் விரித்தேன்.
காவாவை ஊற்றிக்கொடுத்து,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து,
மறுபடி படித்துவிட்டு
"பாதி நீ, பாதி நான்" என்றார்
தன் சொந்தச் சுவருக்கு.

சேதுக்கரசு வந்தார், ஒரு நேபாளிப் பையனோடு,
நான் தூங்க வேண்டிய பத்து மணிக்கு.
பழைய சன்னலைப் பெயர்த்தபோது
அடித்தடத்தில் பதினோரு வருஷ மணல்,
எனக்கு முன்னே இருந்தவளின் கொண்டை ஊசி,
சிறகு கெடாத ஒரு தேனீ.
சன்னலே இல்லாத அந்த இருபது நிமிடம்
வெயில் சதுரமாக வந்து
கட்டிலில் உட்கார்ந்தது,
வீடு பார்க்க வந்த ஆளைப் போல.

புதியதைத் தட்டிக் காட்டினார்.
"ரெண்டு கண்ணாடிம்மா. நடுவுல பதினாறு மில்லி.
உள்ள இருக்கிறது சாதாக் காத்து இல்ல, ஆர்கான்.
நெறம் கெடயாது, மணம் கெடயாது,
எதோடயும் சேராது. சும்மா கெடக்கும்.
அதுக்குத்தான் காசு."

சிரித்துவிட்டேன்.
சும்மா கிடப்பதற்குச் சம்பளம்
இந்தத் தீவில் அதற்கு மட்டும்தான்.

சமையலறைச் சன்னல் நாலு மில்லி பெருத்துப்போய்த்
திரும்பிப் போனது, வியாழக்கிழமை வந்தது.
கடைசி ஓரத்தில் சிலிக்கானைப் பிதுக்கி
எச்சில் விரலால் ஒரே இழுப்பு.
கைப்பிடியைத் திருப்பினார்.
தெரு, பாதிச் சொல்லில் நின்றது.

அன்று தூங்கினேன் பாருங்கள்,
எட்டு மணி நேரம், செத்த தூக்கம்.
விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு
மீன்தொட்டிக்குள் போவது போலப் போகிறது.
அடுத்த ரசீது நாற்பத்து நான்கு.
அபு ஈஸாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

ஆனால் மூன்றாம் மாடி ஹாத்திம்
ஏழாம் வாய்ப்பாட்டில் வழக்கமாக இடறும் இடத்தில்
படுத்தபடியே "ஐம்பத்தாறு" என்று சொல்வேன்.
அவனுக்குக் கேட்காது, எனக்குத் தெரியும்.
இப்போது
இடறுகிறானா என்பதே தெரியவில்லை.

கேஸ் தீர்ந்து மூன்று நாள்.
மூன்று நாளும் வண்டி வந்து போயிருக்கிறது.
ஆறிய பாலில் ரஸ்க்கை நனைத்துத் தின்றுவிட்டு
நான்காம் நாள் தூங்காமல்
சன்னலோரம் நாற்காலி போட்டேன்.

வந்தான் குல்ஸமான்.
ஸ்பானர் ஓங்குகிறது, உருளையில் இறங்குகிறது,
மறுபடி ஓங்குகிறது.
ஒன்றும் கேட்கவில்லை.
அண்ணாந்து பார்த்தான்.

கைப்பிடியைத் திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம்.
அதற்குள் கை எழுந்துவிட்டது.
தனிமை வார்டின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடப்பவருக்கும்
இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கும்
எத்தனையோ வருஷம் மொழிபெயர்த்த கை.
சாப்பிட்டார். தூங்கினார்.
மகள் வந்திருக்கிறாள், நீலச் சட்டை, பாருங்கள்.
நாளைக்கு என்பதற்கு மட்டும்
எனக்குச் சைகை சரியாக வந்ததேயில்லை.

ஒரு விரல் காட்டினேன்.
அவன் இரண்டு விரல் காட்டினான்.
இரண்டு தினாரா, இரண்டாம் மாடியா, இரண்டு நிமிடமா.
எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தலையாட்டினேன்.

உருளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு
அவன் மூச்சு வாங்கி வாங்கிப்
படியேறும் சத்தம்
கதவு வழியாகத் தெளிவாகக் கேட்டது.
கதவு இன்னும் பழசுதான்.