பதினோராம் நம்பருக்கு ஓட்டுத்தையல்

யார் போகிறார், யார் வருகிறார் என்பது
கோச்சுக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும்.
ஐப்பசி மழையில் மைதானம் குளமாகி
கோல் கம்பத்தில் கொக்கு குந்தும் நாட்களில்
கழகச் செயலாளர் நிஸ்தார் நானா
உரப்பையில் ஜெர்சிகளைத் திணித்துக்கொண்டு
திருகோணமலை வீதியில் என் கடைப்படி ஏறுவார்.
"இதுல பேரைப் பிரிங்க தங்கச்சி,
இதுல புதுசு வைங்க."

முதலில் நாலாம் நம்பர்.
ரினோஸ்.
ஆறு வருசம் இடப்பக்கத்தைப் பூட்டி
சாவியை இடுப்பில் செருகியிருந்தவன்.
நாங்கள் விடவில்லை, அவனாய்ப் போனான் என்கிறார் நானா.
கட்டாரில் ஹோட்டல் வாசலில் காவல் வேலை.
போகட்டும், கடன்பட்ட மனுசன்.
அவன் இடத்தில் யார்? அதைச் சொல்லுங்கள்.
வலப்பக்கம் ஆடும் துஷாரவை
இடப்பக்கம் தள்ளப்போகிறார்களாம்.
வலக்கைக்கு வெட்டிய துணியை
இடத்தோளில் வைத்துத் தைத்துப் பாருங்கள்,
சட்டை வரும்,
கை உயராது.

கேப்டன் யோகபாலனை வைத்துக்கொண்டது சரி.
முப்பத்தாறு வயது, வேகம் போய்விட்டது என்று
பஸ் நிலையம் முழுக்கப் பேச்சு.
போனது உண்மைதான்.
அவன் நிற்கிற இடத்துக்குப் பந்து தானாக வருகிறதே,
அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

ஆனால் கோல் காத்த பிரசன்னவை
உக்குவலைக்கு இரவல் கொடுத்தது
எந்த மண்டையில் உதித்த யோசனை?
போன அரையிறுதியில் நான்கு பெனல்டி கோர்னர்.
மூன்றை நெஞ்சால் வாங்கினான்.
நாலாவது அவன் காலுறையில் பட்டு உள்ளே உருண்டது.
கூட்டக் குறிப்பில் அந்த நாலாவது மட்டும் இருக்கிறதாம்.

என் புருசன் கிரிக்கெட் ஆள்.
"ஹொக்கிக்குப் போய் இவ்வளவு கோபமா?" என்கிறார்.
கிரிக்கெட்டுக்குக் கோபப்பட நாடே இருக்கிறது.
இதற்கு நான் இருக்கிறேன்,
பஸ் நேரக்காப்பாளர் சந்தனம் இருக்கிறார்,
குடையில்லாமல் வரும் இன்னும் நாற்பது பேர்.
கோபம் தலைக்குக் கொஞ்சம் கூடத்தான் வரும்.

கடைசியாகப் பதினோராம் நம்பர்.
கொழும்பிலிருந்து ஷெனால்.
போன பருவத்தில் இருபத்துமூன்று கோல் என்று
நானா விரல்விட்டு எண்ணாத குறை.
எந்தத் தரையில் போட்டான்?
தண்ணீர் தெளித்த நீல விரிப்பில்
பந்து வெண்ணெய்போல் வழுக்கும்.
எங்கள் தரையில் அது தேரை.
எப்போது, எந்தப் பக்கம் தாவும் என்று
தேரைக்கே தெரியாது.
அவனுக்கு மாதம் முப்பதாயிரமும்
மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோலும்.
எங்கள் பையன்களுக்கு
ஆட்டம் முடிந்தால் ஒரு பிளேன்டீ, ஒரு பணிஸ்.

நேற்று அந்த இருபத்துமூன்று கோலும்
நனைந்த செருப்போடு நேரில் வந்தது.
தோள் தொளதொளவென்று இருக்கிறது, பிடிக்க வேண்டுமாம்.
பாதி சிங்களம், பாதி தமிழ்.
இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தான்.
பிரித்த பெயரின் ஊசித்துளைகளைக்
கட்டைவிரலால் தடவி, யாருடையது என்றான்.
புவிராஜ், முழங்கால் போய்விட்டது,
இப்போது இரத்தோட்டையில் கோழிக்கடை.
"நல்லா ஆடுவாரா?"
"உன்னைவிட."
சிரிப்பான் என்று நினைத்தேன்.
"அக்கா என் ஆட்டத்தை இன்னும் பார்க்கலையே."

அது நியாயம்தான்.
நியாயம் என்று அவனிடம் சொல்லவில்லை.
நூலைப் பல்லால் கடித்தேன்,
தோளுக்கு அளவெடுத்தேன், அரை அங்குலம் பிடித்தேன்.

மற்றப் பத்துப் பேரின் பெயருக்கும் மெஷின் தையல்,
இரட்டை ஓட்டம், துவைத்தாலும் அசையாது.
அவனுடையதைக் கையால் ஓட்டியிருக்கிறேன்.
தையில் முதல் ஆட்டம்.
தேரைத் தரையில் ஒன்று போடட்டும்,
மறுநாளே மெஷினில் ஏற்றிவிடுகிறேன்.
இல்லாவிட்டால் ஒரே இழுப்பு.

இன்னொன்று.
பிரித்த எழுத்துகளை நான் எறிவதில்லை.
ரினோஸின் ஐந்து ஆங்கில எழுத்தும்
பொத்தான் டப்பாவில் கிடக்கின்றன.
அதில் ஒன்று ஷெனாலின் பெயருக்கு நடுவில்
அச்சாகப் பொருந்தியது.
எடுத்தேன்,
வைத்துப் பார்த்தேன்,
திரும்ப டப்பாவில் போட்டு மூடினேன்.
புதுத்துணி வெட்டினேன்.
கழகம் கொடுக்கட்டும் காசு.