கேட்டு

கொருக்குப்பேட்டையில் எங்கள் கடைக்குக்
கூட்டம் வருவதில்லை,
திறந்துவிடப்படுகிறது.
துறைமுகம் போகும் சரக்கு வண்டி
ஐம்பத்தெட்டுப் பெட்டியும் நகர்ந்து முடிந்து
கேட்டைத் தூக்கியதும்
ஹாரனோடு ஹாரனாகப் பதினாறு கைகள்
கண்ணாடி மேல் சீட்டை நீட்டும்.
"எனுக்கு மொதல்ல குடு, வண்டி ரோட்ல நிக்குது."

அப்படியொரு ஏழு மணியில்தான்
இம்தியாஸ் அந்தக் கவரில் எழுதினான்:
0-0-1.
இரவு ஒன்று.

மூட்டு வாதத்துக்கான மஞ்சள் மாத்திரை.
வாரத்துக்கு ஒன்று போட்டால் மருந்து.
தினமும் போட்டால்
வாய் வெந்து, ரத்தம் சுண்டி,
பதினைந்தாம் நாள் ஸ்டான்லியில் படுக்கை.

ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
குனிந்து வெளியே போனவன்
குனிந்தே திரும்பி வந்தான்.
"அக்கா, அது வாரத்துக்கு ஒண்ணுதானே?"

அவன் கேட்காமலே போயிருக்கலாம்.
எந்த கேமராவும் கவரின் எழுத்தைப் படிப்பதில்லை.

பில்லில் இருந்தது: மேரி, ரூ. 186.
போன் நம்பர் இல்லை, கதவு எண் இல்லை.
தண்டவாளத்தை ஒட்டிய ஹவுசிங் போர்டில்
ஒரு மேரி தூங்கிவிட்டாள்,
ஒரு மேரிக்குச் சர்க்கரை மட்டும்,
ஒரு மேரி எங்களை வட்டிக்காரர்கள் என்று நினைத்துக்
கதவையே திறக்கவில்லை.
நாலாவது, சம்மனசு மேரி,
தண்ணி லாரிக்கு ஆறு குடத்தோடு நின்றிருந்தாள்.
முந்தானை முடிச்சில் கவர், பிரிக்காமல்.
லாரி வந்து, சோறு தின்று, அப்புறம்தான் மாத்திரையாம்.

இம்தியாஸ் வாய் திறப்பதற்குள் சொன்னேன்:
"நாங்க தப்பா எழுதிட்டோம்."
பையன்தான் எழுதினான் என்று சொல்ல
நாக்கு ஒருமுறை எழுந்தது. மறைக்க மாட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.
"சரி, வந்ததுதான் வந்தீங்க,
ஆளுக்கு ரெண்டு கொடம் புடிங்க."

மூன்றாம் மாடி.
படியேறும்போது மூலக்கடை ஞாபகம் வந்தது.
ஒன்பது வருஷம் முன்பு, வேறு கடை, வேறு முதலாளி.
காய்ச்சல் சிரப். இரண்டரை மில்லியில்
நடுவிலிருந்த புள்ளி என் கண்ணில் படவில்லை.
குழந்தை என்ன ஆனதென்று தெரியாது.
முதலாளி பில் நகலைக் கிழித்தார்.
"ஒண்ணும் நடக்கல" என்றார்.
அடுத்த மாதம் நான் வேலை மாறினேன்.

காலையில் ஓனர் கேட்டார், "எவன் எழுதினது?"
"அந்த டப்பா எங்க இருந்துச்சுன்னு கேளுங்க சார்."
தினமும் போடுகிற ஃபோலிக் ஆசிட் பக்கத்தில்.
அதே மஞ்சள், அதே அளவு, ஒரே தட்டு.

இப்போது அது தனியாக, உச்சியில்.
ஸ்டூல் போட்டு ஏறினால்தான் கை எட்டும்.
ஏறுகிற நேரம் யோசிக்கிற நேரம்.
கவரில் எண் கிடையாது, "ஞாயிறு மட்டும்" என்று எழுத்தில்.
நாளைச் சொன்னது சம்மனசு மேரிதான்:
பூசைக்குப் போற நாள், மறக்காது.

கல்லாவுக்குக் கீழே நாற்பது பக்க நோட்டு ஒன்று.
பெயர் வேண்டாம், நடந்ததை எழுதினால் போதும்.
முதல் பக்கத்தில் 0-0-1.
இம்தியாஸ் தன் பெயரையும் எழுதியிருக்கிறான்,
ஸ்கெட்ச் பேனாவில்.
மூலக்கடையை நான் இன்னும் எழுதவில்லை.
ஒரு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன்.

மணி அடிக்கிறது. கேட்டைத் தூக்குகிறார்கள்.
"உங்க பேரு? மாத்திரை யாருக்கு?
வேற எதுனா போடறாங்களா?"
ஹெல்மெட் கழற்றாத ஒருவர் பல்லைக் கடிக்கிறார்:
"அங்க ஒரு கேட்டு, இங்க ஒரு கேட்டா?"

ஆமாங்க.
வண்டி முழுசா போவட்டும்.