வயது, எழுத்து வகை

ஏலத்துக்கு முன்னால் காசிமேட்டில்
வஞ்சிரத்தை ஒரு பக்கம், சங்கராவை ஒரு பக்கம் தள்ளுவது மாதிரி
என் நிரல் பத்தொன்பது பத்திகளையும்
வகை பார்த்துத் தள்ளுகிறது.

எண்ணா, சராசரி எடு, சின்னது பெரியது சொல்.
எழுத்தா, எத்தனை விதம், எது அதிகம்.
தேதியா, முதல் நாள், கடைசி நாள்.
எதுவானாலும் காலிக் கட்டம் எத்தனை என்று
தவறாமல் சொல்.

திருவொற்றியூர் தேரடி, ஜெராக்ஸ் கடை மாடி.
ஜன்னலைத் திறந்தால் கீபோர்டில் கரி படியும்.
கீழே துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள்
மதியத்திலிருந்து அதே இடத்தில்.
ஆயிரத்து இருநூற்று நான்கு பேர்
என் திரையில்.

தண்ணீர்: நான்கு விதம்.
லாரி, குழாய், கேன், "பக்கத்து வூடு".
போன வருடம் இருமிய நாட்கள்:
சின்னது 0, பெரியது 365.
தட்டச்சுப் பிழை என்று நினைத்து
கணக்கெடுத்த தேவகிருபைக்குப் போன் போட்டேன்.
"இல்லக்கா, அந்தம்மா அப்டிதான் சொல்லிச்சு.
வருசத்துல அவ்ளோ நாளுதான இருக்குது?"

சரி என்று விட்டேன்.
அப்புறம்தான் பார்க்கிறேன்,
வயது
எழுத்துகளின் ஷீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது,
தெருப் பெயர்களுக்கும் ரேஷன் அட்டை நிறத்துக்கும் நடுவில்.
சராசரி இல்லை. பெரியது இல்லை.
அதிகம் வந்த சொல்: "34".

ஒரே ஒரு கட்டத்தில் எழுத்து இருந்தால் போதும்,
பத்தி முழுக்க எழுத்தாகிவிடும்.
தேடினேன். அறுநூற்றுப் பதினோராவது வரிசை.
எர்ணாவூர், ஐந்தாம் சந்து.
வயது: "மூணு நாளு".

மூன்று நாள் பிள்ளை
ஆயிரத்து இருநூற்று மூன்று பேரின் வயதை
எண்ணாக விடாமல் பிடித்துக்கொண்டு.

சிரித்தேன். வகுத்தேன்.
0.008 வருடம். ஷீட் அதைச் சுருக்கி
0 என்று காட்டியது.
உடனே எல்லோருக்கும் வயது வந்தது:
சராசரி 31.6, பெரியது 93.

அதே வரிசையில் வலப்பக்கம் நகர்ந்தால்
இருமிய நாட்கள்: 2.
இதில் மட்டும் நிரலுக்குக் குழப்பமே இல்லை.
எண் என்று எடுத்துக்கொண்டது.

பெயர்: காலி.
மறுபடி போன்.
"முப்பதாம் நாளுதான்க்கா பேரு வெப்பாங்க.
அதுக்குள்ள இன்னா எழுதறது?"

பெயர் இல்லாத வரிசைகளை நீக்கச் சொல்லி
என்னிடம் ஒரு வரி இருக்கிறது, பழைய வேலையில் எழுதியது.
அதை ஓட்டவில்லை.

எக்செல்லாக ஏற்றுமதி செய்தேன்.
மூன்று ஷீட், மேல்வரிசை தடித்த எழுத்தில்.
காலையில் பதினோரு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.
இரண்டாவது ஷீட், முதல் வரி:
பெயர். விடுபட்டவை 1.

இன்னும் இருபத்து சொச்சம் நாளைக்கு
அது பிழை இல்லை.
அதை எழுத ஷீட்டில் பத்தி இல்லை.