வெறும் வண்டி

பிரேக் மாற்றி எடுத்த மூன்றாம் நாள்
வலப்பக்கப் பின்சில்லு
கதைக்கத் தொடங்கியது.

டொக். டொக். டொக்.
ஒரு சுற்றுக்கு ஒன்று.
ஐம்பதில் இரண்டும் மூன்றும் ஒட்டிப்போய்
எல்ஸ்மியர் வீதிச் சிவப்பு விளக்கில்
என்னோடு சேர்ந்து நின்று
பச்சை விழுந்ததும் திரும்பவும்
ஒன்றிலிருந்து எண்ணும்.

காலை மூன்றரைக்கு ஸ்காபரோவில்
நானும் உப்புத் தூவும் லொறியும்தான்.
பின் இருக்கையை மடித்துவிட்டு
கூரை முட்டப் பேப்பர்க் கட்டுகள்.
சனிக்கிழமை என்றால் கடை விளம்பரங்களும் சேர்ந்து
வண்டியின் பின்பக்கம்
குந்தியிருக்கும்.

ஞானரூபனின் கராஜ் திறப்பது பத்துக்கு.
மிட்லண்ட் மட்டும் ஓட்டிப்போய்த் திரும்பினான்.
"ஒண்டுமில்லையே அக்கா, வெண்ணெய் மாதிரி ஓடுது."
பக்கத்தில் இருந்த எனக்கும்
ஒன்றும் கேட்கவில்லை.
ஒன்றும் கேட்காததற்கு
நான்தான் வெட்கப்பட்டேன்.

இரண்டாம் முறை தூக்கிப் பார்த்தான்.
சில்லைக் கையால் சுழற்றி,
சுத்தியலால் தட்டி,
டயர் வரியில் செருகிக் கிடந்த கல்லொன்றை
ஸ்குரூ டிரைவரால் கெம்பி எடுத்து
உள்ளங்கையில் வைத்தான்.
"இவர்தான் ஆள்."
சில்லறை போடும் குழியில் போட்டேன்.
மறுநாள் மூன்றரைக்கு
டொக்.

உனக்கு நித்திரை காணாது என்றார் கணவர்,
போர்வைக்குள் இருந்து.

பிறகுதான் எழுதத் தொடங்கினேன்,
றப்பர் பாண்ட் பெட்டியின் மூடியில்.
முதல் தெரு: இருக்கு.
பள்ளிக்கூடம் தாண்டி: இருக்கு, மெல்ல.
தொடர்மாடி, நாற்பது பேப்பர் இறக்கியபின்: இல்லை.
வீடு வரைக்கும்: இல்லை.
மூன்று நாள் எழுதியும் அதே இடத்தில் இல்லை.

சத்தம் சில்லில் இல்லை, பாரத்தில் இருந்தது.
நான் அவனிடம் கொண்டுபோய்க் காட்டியதெல்லாம்
வெறும் வண்டி.

"நாளைக்கு நாலு மணிக்கு வா" என்றேன்.
சிரித்தான். வந்தான்.
பைஜாமாவுக்கு மேல் பெரிய ஜாக்கெட்,
கையில் டிம் ஹோர்டன்ஸ் கோப்பி.
கட்டுகளுக்கு நடுவில் ஊர்ந்து போய்ச்
சில்லு மேட்டில் காதை வைத்துப் படுத்தான்.
பின்கதவைச் சாத்தினேன்.

ஒரு தெரு. இரண்டு தெரு.
பின்னால் பேச்சில்லை.
"நிப்பாட்டுங்கோ அக்கா."

உப்புச் சேற்றில் மல்லாந்து கிடந்தான்,
கால் மட்டும் வெளியே.
போன் வெளிச்சம் சில்லுக்குள் அலைந்து
ஓரிடத்தில் நின்றது.
பிரேக் குழாயைப் பிடிக்கிற கிளிப்பு இல்லை.
பாரம் ஏறி வண்டி தாழ, குழாய் வளைந்து உள்ளே போய்,
சமநிலைக்கு ஒட்டிய ஈயத் துண்டு
ஒவ்வொரு சுற்றிலும் அதை ஒரு தட்டு.
றப்பர் தோல் உரிந்து
உள்ளே நூல் தெரிந்தது.

பதினொரு காலைகள்
மோர்னிங்சைட் இறக்கத்தில்
இந்தக் காலால்தான் மிதித்தேன்.

"பெடியன் போட மறந்திட்டான்" என்றான்.
எழும்பி முதுகுச் சேற்றைத் தட்டினான்.
கோப்பியை எடுத்தான், குடிக்கவில்லை.
"நான் பாத்திருக்க வேணும்."

வண்டி அங்கேயே நின்றது.
மிச்சம் எண்பத்தாறு பேப்பர்.
ஆளுக்கொரு பக்கமாக நடந்தே போட்டோம்.
அவன் எறிந்ததில் பாதி
பனிக்குள் விழுந்தது.
அடுத்த நாள் வந்த ஏழு முறைப்பாட்டுக்கும்
நான்தான் பதில் சொன்னேன்.

புதுக் குழாய், புதுக் கிளிப்பு. காசு வாங்கவில்லை.
இப்போது சத்தமில்லை.
ஆனாலும் தொடர்மாடி வரும்வரை
ரேடியோ போடுவதில்லை.

வளைவுகளில் மட்டும்
சில்லறைக் குழியில் அந்தக் கல்
ஒரு தரம் உருண்டு இடிக்கும்.
அது என்ன சத்தமென்று எனக்குத் தெரியும்.
கிடக்கட்டும்.