மூன்றாம் நிரல்

படிவத்தின் மூன்றாம் நிரல் கேட்கிறது:
ஐந்து வருசம் கழித்து
முதலாம் தரத்தில் எத்தனை பிள்ளைகள்?

வலயக் கந்தோர் ஒரு சூத்திரம் அனுப்பியிருக்கிறது.
போன வருசத் தொகையை
அதற்கு முந்திய வருசத்தால் வகுத்து
வருகிறதால் பெருக்கிக்கொண்டே போகவேண்டும்.
பெருக்கினேன். முப்பத்தொன்று.
இந்த வருசமே நாற்பத்தேழு பேர்
இருபத்தாறு கதிரையில் இருக்கிறார்கள்.

வெள்ளி கடைசிப் பாடம் முடிந்து
குடையை விரித்துக்கொண்டு
பிள்ளைமடுவத்துக்கு இறங்கினேன்.
ஜெசிந்தா பால்கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.
கூரைக் கம்பியில் வரிசையாய்ச் சேலைத் தொட்டில்கள்,
ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.
நடக்கத் தொடங்காததை மட்டும் சொல் என்றேன்.
ஈரக்கையை உதறி
விரல் கணுவில் எண்ணினாள்.
"மேக்கணக்குல பதினாறு.
கீக்கணக்குல பதினேழு.
வவுத்துல இருக்கிறதயும் சேக்கவா டீச்சர்?"

படிவத்தில் அதற்கு நிரல் இல்லை.
சேர் என்றேன்.
ஒன்பது.
யார் யார் என்றும் சொன்னாள்,
கூடையை இறக்கிவைத்தவர்கள்,
இன்னும் மலைக்குப் போகிறவர்கள்,
மாமிக்கே சொல்லாத ஒருத்தி.

மண் சரிந்த பிறகு
பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக் கதவில்
சிவப்புத் தாள் ஒட்டிவிட்டார்கள்.
அங்கிருந்து பதினொன்று.
ஏழு பேர்ச்சில் புது வீடு கிடைக்குமென்று
கொழும்புக் கடையை விட்டு வந்த
யோகநாதன் வகையறாவில் ஐந்து.
அதில் இரட்டை ஒன்று.

ஐம்பத்தெட்டு.
கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன்.
அழித்தேன். பிறகு படிவத்தில் எழுதினேன்,
பென்சிலால்.

இன்னொரு கடிதமும் வந்திருக்கிறது:
முன்பள்ளி தொடங்கவும். அறையொன்றை இனங்காணவும்.
ஆறு அறை எங்களுக்கு.
ஒன்று ஒழுகும்.
ஒன்றில் நாலாந் தரமும் ஐந்தாந் தரமும்
முதுகுக்கு முதுகு கொடுத்து
ஒரே நேரத்தில் வாய்ப்பாடு சொல்லும்.
வாசிகசாலை என்பது
அதிபர் அறையில் நிற்கும் அலுமாரி.
காவலாளி கதிரமலை நாடாவின் மறுநுனியைப் பிடிக்க
எல்லாவற்றையும் அளந்தேன்.
போன மாதம் அளந்த அதே அளவுதான்.

நாலு வயதுப் பிள்ளைக்கு மேசை வேண்டாம்,
ஓட இடம் வேண்டும், விழவும்.
அது ஒன்று
பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டின் இடத்தை எடுக்கும்.
எந்தச் சுற்றுநிருபமும் இதைச் சொல்லவில்லை.

பள்ளிக்குப் பின்னால் தேயிலை.
முப்பது பேர்ச் விட்டால் போதும்.
துரையிடம் போனேன்.
கட்டடம் தருகிறோமென்று கந்தோர் எழுதட்டும்,
காணியைப் பார்க்கலாம் என்றார்.
காணி தருகிறோமென்று தோட்டம் எழுதட்டும்,
கட்டடத்தைப் பார்க்கலாம் என்கிறது கந்தோர்.
துரை ஜன்னலுக்கு வெளியே நாற்றுமேடை.
கறுப்புப் பைகளில் கன்றுகள்,
எந்த மலைக்கு, எந்த வருசம் என்று
பலகை குத்தி.
பட்டுப்போவதற்கும் சேர்த்து
கூடுதலாய்ப் போட்டிருக்கிறார்கள்.

திங்கள் கந்தோரிலிருந்து தொலைபேசி.
"ஐம்பத்தெட்டு பிழையா இருக்கும் மிஸ்.
நாடு முழுக்கப் பிறப்பு குறையுதே."
குறையட்டும் சேர், என்றேன்.
இங்கே ஐம்பத்தெட்டு.
பெயர்ப் பட்டியல் கேட்டார்.
அனுப்பினேன். ஒன்பது வரியில்
பெயருக்குப் பதில் தாயின் பெயர்,
பிறந்த திகதிக்குப் பதில் மாதம் மட்டும்.
ஒரு வரியில் தாயின் பெயரும் இல்லை.

பதில் இன்னும் வரவில்லை.

ஆனால் கதிரமலை, யாரும் சொல்லாமல்,
நாங்கள் அளந்து பார்த்த முப்பது பேர்ச்சின் மூலையில்
தேயிலைக்குள்ளே
ஒரு முளை அடித்துவைத்திருக்கிறான்.
கழற்றச் சொல்லவேண்டும் அவனை.
இன்று காலை பனி விலகப் பார்த்தேன்:
முளையில் யாரோ
தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிட்டு
விளையாடப் போயிருந்தார்கள்.