காரணம்: நல்ல வானிலை

ஹாப்சாலு, பழைய ரயில் நிலையச் சரக்குக் கொட்டகை,
கதவு எண் மூன்று.
அதுவரை எழுதிவிட்டேன்.
அடுத்த கட்டம்: ‘சேதத்துக்குக் காரணம்.’
தீ, திருட்டு, வெள்ளம், ஊழியர் கவனக்குறைவு, பிற.
பேனா அங்கேயே நிற்கிறது.

இந்தக் கொட்டகையில் அடுப்பு கிடையாது.
வேண்டியதும் இல்லை.
குளிர் தன்பாட்டில் எதையும் கெடுப்பதில்லை,
கெடுப்பது தண்ணீர்,
அதுவும் கண்ணில் படாத தண்ணீர்.
ஜனவரியில், பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டில்,
காற்று பரம ஏழை:
ஒரு கன மீட்டரைப் பிழிந்தால் இரண்டு கிராம் தேறாது.
அன்றைக்குத்தான் நான் கதவைத் திறப்பேன்.
வெறுங்கையோடு வருகிற காற்று
போகும்போது எதையாவது எடுத்துக்கொண்டு போகும்.
பக்கத்துக் கடைக்காரர்கள்
எனக்குப் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

மிச்சத்தை உலர்த்தி பார்த்துக்கொள்ளும்.
சிலிக்கா பூசிய சக்கரம், மணிக்கு எட்டுச் சுற்று,
மாடு அசைபோடும் நிதானம்.
உறிஞ்சியதைச் சூடாக்கிச்
சுவரைத் துளைத்த குழாய் வழியே துப்பும்.
குழாய் வாயில் பனிக்கட்டித் தாடி முளைக்கும்.
சனிக்கிழமைதோறும் சுத்தியலால் தட்டுவேன்.
ஊசிகள் குடித்திருக்க வேண்டிய தண்ணீர்
என் பூட்ஸுக்கருகே சில்லுசில்லாய்க் கிடக்கும்.

உனக்கு ஈரமே இல்லை என்பாள் என் தங்கை லீடி.
அதற்குத்தானே சம்பளம் என்பேன்.
ஐம்பதைத் தாண்ட விடக்கூடாது,
மானியின் முள் நாற்பத்தெட்டில் நின்றால்
நிம்மதியாய்த் தூங்குவேன்.

ஏப்ரல் ஒன்பது. பல் பிடுங்க நான் தாலின் போயிருந்தேன்.
தெற்கிலிருந்து காற்று,
விரிகுடாவில் பனி உடைகிற சத்தம்,
ஒன்பது டிகிரி.
வேலைக்கு வந்து மூன்று வாரமே ஆன தாவெத்
இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டான்.
‘குளிர்காலம் பூராவும் மூடியே கிடந்ததே, பாவம்’
என்றுதான் அப்புறம் சொன்னான்.
பாவம் என்று யாரைச் சொன்னான் என்று
நான் கேட்கவில்லை.

வெளியே வசந்தம்.
உள்ளே இரும்பு இன்னும் பிப்ரவரியிலேயே இருந்தது.
கடலைக் குடித்துவிட்டு வந்த காற்று
அதைத் தொட்டதும் கனம் தாங்காமல் இறங்கியது.
மீட்புப் படகின் எஞ்சின் வேலை செய்யாமலே வியர்த்தது.
பள்ளிக்கூடத்தின் அறுபத்துநாலு ஜோடி சறுக்குக் காலணிகள்,
ஒவ்வொரு அலகிலும் முத்துமுத்தாக.
கோட்டிலிருந்து மழை என்று எண்ணி
தாவெத் கூரையை அண்ணாந்து பார்த்தானாம்.
கூரை காய்ந்திருந்தது.
பாட்டுப் புத்தகங்கள் மட்டும்
ஒரு துளியும் காட்டாமல் குடித்துக்கொண்டன.
அவைதான் மோசம்.

நான் வந்தபோது முள் தொண்ணூற்றேழில்.
ஊசிப் பெட்டிகளில் செம்மண் நிறத்தில் அம்மை போட்டிருந்தது.
வாயில் பஞ்சு இருந்ததால் திட்ட முடியவில்லை.
கதவைச் சாத்தினோம்,
இரவு இரண்டு மணி வரை துணி, எண்ணெய், துணி.
பிறகு அவனை அலுவலக அறைக்குக் கூப்பிட்டேன்,
அங்கே மட்டும் ஹீட்டர் உண்டு.
வாசலைத் தாண்டியதும்
அவன் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிப்போனது.
கழற்றிப் பார்த்தான். துடைத்தான். மறுபடி பார்த்தான்.
‘ஓ’ என்றான்.
அதற்குமேல் பாடம் நடத்த எனக்குத் தெம்பில்லை,
காபி ஊற்றினேன்.

கவனக்குறைவு என்று குறியிட்டால்
சோதனைக் காலத்தில் இருப்பவனுக்கு
மறுவாரம் வேலை இருக்காது.
‘பிற’ என்பதில் குறியிட்டு
நல்ல வானிலை என்று எழுதினேன்.

இன்று காலை காப்பீட்டுக்காரர் கூப்பிட்டார்,
எழுத்துப் பிழையா என்று.
இல்லை என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
வெளியே மறுபடியும் வெயில்,
கதவு எண் மூன்றின் தாழ்ப்பாளை
தாவெத் இரண்டாம் தடவை இழுத்துப் பார்க்கிறான்.
முள் அறுபத்தொன்று. இறங்கிக்கொண்டிருக்கிறது.